கண்ணில் விடும் ஒரு சொட்டு

பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கல்யாணப் பந்தியிலும் பேருந்திலும் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, கோழி சீக்கிரம் வளர எத்தனை ஹார்மோன் ஊசி போடுகிறீர்கள் என்பதுதான். கேட்பவர்களில் பலர் பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள். பிராய்லர் சாப்பிட்டால் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துபோனவர்கள் என்பதால், அவர்களிடம் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

ஒருமுறை பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் இதையே கேட்டபோது, மறுநாள் விடியற்காலையில் நான் போகவிருந்த பண்ணைக்கு அவரையும் அழைத்தேன். வாசலில் கிருமிநாசினித் தண்ணீரில் காலை நனைத்து, வேறு செருப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போனோம். 5,000 குஞ்சுகள் இருந்த கொட்டகை அது. நாங்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் ஏழாம் நாள். பண்ணைக்காரரும் அவர் மனைவியும் இரண்டு ஆட்களும் குஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டு மறுபுறம் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம், கோழிகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பார்கள். தண்ணீரில் உள்ள குளோரின் அந்த மருந்தைக் கெடுத்துவிடாமலிருக்கப் பால் பவுடரும் சேர்ப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, கோழிக்கு ஏதோ வெள்ளைப் பொடி கலக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

“டீச்சர், ஒரு கோழியைப் பிடித்து ஊசி போட்டுவிட பத்து விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 கோழிக்கு எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டேன். கணக்கு ஆசிரியையான அவர் உடனே சொல்லிவிட்டார், ஏறத்தாழ 14 மணி நேரம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப் போய்விடும். இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் சர்க்கரை நோயாளிகள் ஊசியாகப் போட்டுக்கொள்வதும் இதனால்தான். ஊசியாகப் போட்டாலும் உடலில் அது விரைவில் அழிந்துவிடுவதால் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். கிலோ கணக்கில் வளர்ப்புக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அதற்கான ஆளும் இல்லை, பணமும் இல்லை, அதனால் பயனும் இல்லை.

பிறகு எப்படி 40 கிராம் குஞ்சு ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவாகிறது? நன்றாக வளர்ந்த கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதே முதற்காரணம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு இனத்தை மாற்றாமல் காத்துவைத்திருந்து, 2005-ஆம் ஆண்டு இனத்தோடு ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய கோழி ஏறத்தாழ 900 கிராமும் புதிய கோழி 4.2 கிலோவும் இருந்தன. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அளவறிந்து சேர்த்த தீவனமும், முதல் வாரம் முழுவதும் 33 டிகிரி அளவில் குறையாமல் காக்கும் சூடும் மீதியைச் செய்கின்றன. அந்தச் சூட்டுக்காகப் பண்ணைக்காரர்கள் இரவில் எத்தனை முறை எழுந்து போகிறார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். இவ்வளவு வேகமான வளர்ச்சி கோழியின் காலுக்கும் இதயத்துக்கும் சுமையாக இருக்கிறது என்பதையும் ஆசிரியையிடம் மறைக்காமல் சொன்னேன்.

வதந்தி என்ன செய்யும் என்பதை 2020 தொடக்கத்தில் கண்ணால் கண்டோம். கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்று வந்த பொய்ச்செய்தியால் வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. விற்க முடியாத கோழிகள் கொட்டகையில் தீவனம் தின்றுகொண்டு நின்றன. உற்பத்திச் செலவில் ஒரு பகுதிகூடத் திரும்பவில்லை என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு.

ஆனால் ஹார்மோன் பயத்தால் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. கேட்க வேண்டிய கேள்வியை அது மறைத்துவிடுகிறது. நோய் வரும் முன்பே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அப்படிக் கொடுத்துக் கொடுத்துக் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறினால், அந்தத் தீங்கு மனிதர்களுக்கும் வரும். மருத்துவமனைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்ததை நான் மனமார வரவேற்றேன். சிகிச்சைக்காக மருந்து கொடுத்தாலும், அது உடலிலிருந்து நீங்கும் நாட்கள் கழிந்த பிறகே கோழியை விற்பனைக்கு வண்டியில் ஏற்ற வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பண்ணையில் அந்த நாட்கள் முடியும் முன்பே வண்டி வந்து கோழி ஏற்றியதைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

அதையும் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் சார், போன பேட்சில் கடைசியாக எந்தத் தேதியில் மருந்து கொடுத்தார்கள், எந்தத் தேதியில் கோழி ஏற்றினார்கள்?” என்று கேட்டார். பண்ணைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த பதிவேட்டை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார்.