வெயில் காலத்தில் லானை ஒட்ட வெட்டாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வெயில் ஏறியதும் வீட்டு லானை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். புல் குறைந்தால் தண்ணீரும் குறைவாகப் போதும் என்பது கணக்கு. நடப்பது நேர்மாறு. ஒட்ட வெட்டினால் இலை போய் வெறும் தண்டுதான் மிஞ்சும். இலை இல்லாமல் உணவு தயாராகாது. உணவு இல்லாமல் வேர் ஆழத்துக்கு இறங்காது. நிழல் இழந்த செம்மண் சூடேறி இறுகிவிடும். வெற்றிடமான இடத்தில் கோரை, பார்த்தீனியம் போன்ற களைகள் முந்திக்கொள்ளும்.

ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 4 செ.மீ. உயரத்தில் வைக்க வேண்டிய புல் 6 செ.மீ. தொட்டதும் மோவரை, அதாவது புல் வெட்டும் மிஷினை, எடுத்துவிட வேண்டும். அருகம்புல்லுக்கு 3 முதல் 4 செ.மீ., கொரியன் புல்லுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பஃபலோ கிராஸ் என்று நர்சரியில் விற்கும் அகல இலைப் புல்லுக்கு 5 செ.மீ.க்குக் குறையவே கூடாது. பங்குனி முதல் வைகாசி வரையும், மாமர நிழல் விழும் பக்கத்திலும் இன்னும் 1 செ.மீ. கூட்டி விடுங்கள்.

மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வெட்ட வேண்டியிருக்கும். மார்கழி, தை குளிரில், அதிலும் ஓசூர் பக்கம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். நாள் கணக்கைவிட ஸ்கேல் வைத்துப் பார்ப்பதே சரி. அடிக்கடி நுனி வெட்டுப்பட்டால் புல் பக்கவாட்டில் கிளைத்துத் தூர் கட்டும். லான் அடர்த்தியாவது அதனால்தான். ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் 12 செ.மீ. வளர்ந்துவிட்டதா? முதலில் 8 செ.மீ.க்கு வெட்டுங்கள். நான்கைந்து நாள் விட்டு ஐந்தரை, பிறகு 4.

மோவரின் உயரத்தை அதிலுள்ள எண்ணை நம்பி வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் மோவர் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சிமென்ட் தரையில் நிறுத்தி, தரைக்கும் பிளேடு முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள்.

பிளேடு மழுங்கியிருந்தால் புல்லை வெட்டாது, கிழிக்கும். வெட்டிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ நுனிகளை உற்றுப் பாருங்கள். நார் நாராகப் பிய்ந்து வெளிறியிருந்தால் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. கிழிந்த நுனி வழியே ஈரம் அதிகம் போகும், பூஞ்சாணமும் எளிதில் இறங்கும். நம் செம்மண்ணில் சரளைக்கல் மேலே வந்துகொண்டே இருப்பதால் பிளேடு சீக்கிரம் பல் விழும். வெட்டும் முன் கல் பொறுக்குவது பிளேடுக்கும் நல்லது, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் நல்லது. அரத்தால் தேய்க்கும்போது இரு முனையிலும் ஒரே அளவு தேயுங்கள். நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. சாய்ந்தால் மிஷின் அதிரும், நாளடைவில் பேரிங் போய்விடும். நைலான் நரம்பு போட்ட பிரஷ் கட்டர் சுவர் ஓரத்துக்கு மட்டும் சரி. லான் முழுக்க அதை ஓட்டினால் மேடு பள்ளமாகத்தான் வெட்டும்.

ஈரப்புல்லில் மோவர் ஓட்ட வேண்டாம். கட்டி கட்டியாக விழுந்து அடியிலுள்ள புல்லை மூடி அழுக வைக்கும்; மின்சார மோவர் என்றால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு. பனி காய்ந்த பிறகோ, வெயில் தாழ்ந்த மாலையிலோ வெட்டுங்கள். போன தடவை கிழக்கு மேற்காக ஓட்டியிருந்தால் இந்தத் தடவை தெற்கு வடக்காக ஓட்டுங்கள். ஒரே தடத்தில் சக்கரம் போனால் மண் அமுங்கி, புல்லும் ஒரே பக்கம் படுத்துவிடும்.

வெட்டிய துணுக்குகளை அள்ளிக் கொட்டாதீர்கள். 2 செ.மீ. நீளத் துணுக்கு நல்ல மழைக்காலத்தில் விரைவில் மக்கிவிடும், புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை திரும்பக் கிடைக்கும். விதை பிடித்த களையோ நோய்த் திட்டுகளோ இருந்தால் மட்டும் அள்ளுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும். கோரை எத்தனை முறை வெட்டினாலும் சாகாது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சிறு கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள்.