பூத்த பிறகு பெயர் மாறிய கிரிப்ட்

'வெண்ட்டி பிரவுன்' என்று சொல்லி வாங்கிய கிரிப்ட் (மீன் தொட்டிகளில் வளர்க்கும் கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி) ஒருவழியாகப் பூத்துவிட்டது. பூத்ததும் தெரிந்தது, அது வெண்ட்டியே இல்லை. கிரிப்டோகோரைன் பெக்கெட்டி. மேல்மடல், அதாவது பூவை மூடியிருக்கும் மடலின் விரிந்த மேல்பகுதி, ஆலிவ் பச்சை கலந்த மஞ்சளில் வழவழப்பாக நிமிர்ந்து நிற்கிறது. அதன் கழுத்தில் மட்டும் கரும்பழுப்பாக ஒரு வளையம், மை ஊற்றிய மாதிரி. வெண்ட்டியாக இருந்தால் மேல்மடல் பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும், முறுக்கிக்கொண்டும் நிற்கும். வாக்கேரியாக இருந்தால் கழுத்தும் மஞ்சளாகவே இருக்கும். இது இரண்டும் இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லாத பெக்கெட்டி.

சந்தோஷம் தாங்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

கடையில் கேட்டபோது, "வெண்ட்டிதாண்ணா, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் பையன். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, அவருக்கு வந்த பார்சலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. இலங்கையிலிருந்து உலகம் முழுக்கப் போன செடிகள் இவை. வெண்ட்டி, பெக்கெட்டி, வாக்கேரி, உண்டுலாட்டா, பார்வா எல்லாம் அந்தத் தீவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் மட்டுமே இயற்கையாக வளர்பவை. பெக்கெட்டியை 1885-இல் முறைப்படி விவரித்தவர் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ட்ரைமன். அவ்வளவு வரலாறு உள்ள செடியை இங்கே பிரவுன், கிரீன், ரெட் என்று நிறத்தை வைத்து விற்கிறார்கள். நிறம் என்பது வெளிச்சத்துக்கும் உரத்துக்கும் ஏற்ப மாறும் சமாச்சாரம். ஒரே ரன்னரில் (படர்ந்து புதுச்செடி விடும் தண்டில்) இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை மீன் தொட்டித் தண்ணீருக்குள்ளும் இன்னொன்றைத் தண்ணீருக்கு வெளியே ஈரப் பெட்டியிலும் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே செடி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

கிரிப்ட் வளர்ப்பவர்கள் இலையை வைத்துச் சண்டை போடுவதை நிறுத்திவிட்டுச் செடியைப் பூக்க வைக்க வேண்டும். அதற்கு அதைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும்.

எமர்ஸ்ட் பெட்டி, அதாவது செடியைத் தண்ணீருக்கு வெளியே ஈரக் காற்றில் வளர்க்கும் பெட்டி, எப்படி அமைப்பது என்று விரிவாக எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். என்னுடையது மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் இரண்டு விரல் தண்ணீர், உள்ளே சின்னச் சின்னச் செடித் தொட்டிகள். ஆற்று மணலோடு பழைய அக்வாசாயில் (மீன் தொட்டிச் செடிகளுக்கான மண்) கலந்திருக்கிறேன். போர்னியோ கிரிப்டுகளுக்குத்தான் அமிலத்தன்மையும் இலைமக்கும் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். இலங்கை வகைகள் அந்த அளவுக்குக் கெடுபிடி செய்யாது, கொஞ்சம் கடினமான தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். இருந்தாலும் எங்கள் போர் தண்ணீரை நான் ஊற்றுவதில்லை, ஆர்.ஓ. தண்ணீர்தான். சென்னை வெயிலில் மாடியில் வைத்தால் மே மாதத்தில் வெந்துவிடும். வீட்டுக்குள் வடக்குப் பக்க ஜன்னலை ஒட்டி, மேலே எல்.இ.டி. விளக்கு.

பெட்டிக்கு மாற்றியதும் பழைய இலைகள் கரைந்து போகும், அதற்குப் பயப்படக் கூடாது. கிரிப்ட் மெல்ட் ஆவது இந்தப் பேரினத்தின் சுபாவம். கிழங்கு கெட்டியாக இருந்தால் போதும். நான் மாற்றும்போதே தண்ணீருக்கடியில் வளர்ந்த இலைகளை அடியோடு வெட்டிவிடுகிறேன். அவை அழுகிக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கிறது.

மொட்டு வர வைத்தது எது என்று கேட்டால், தண்ணீர் மட்டம் என்றுதான் சொல்வேன். ஆற்றில் தண்ணீர் வற்றிக் கரை வெளியே தெரியும் காலத்தில்தான் இவை பூக்கும். அதனால் செடி நன்றாக வேர் பிடித்து, இலைகள் தடித்த பிறகு, தொட்டியின் பாதி வரை நின்ற தண்ணீரை அடிமட்டத்துக்கு இறக்கினேன். அதற்கப்புறம் பெட்டியைத் திறந்து நோண்டவே இல்லை. சில வாரங்களில் இலைகளுக்கு நடுவே ஒரு குருத்து தெரிந்தது. புது இலை என்றால் குருத்து மேலிருந்து கீழ் வரை ஒரே தடிமனில் சுருண்டிருக்கும். இது அடியில் கொஞ்சம் உப்பி, நடுவில் மெலிந்து, நுனியில் மறுபடி தடித்திருந்தது. அந்த உப்பல்தான் அடையாளம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பூவை நெடுக்காக அறுப்பது.

விரிந்த பூவைப் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எனக்கு உள்ளே பார்த்தே ஆக வேண்டும். கிரிப்டும் சேர்ந்த சேம்புக் குடும்பத்தின் வகைப்பாடு முழுவதும் அந்த மடலுக்குள்தான் இருக்கிறது. புது ஷேவிங் பிளேடு வேண்டும். பழைய பிளேடு திசுவை நசுக்கிவிடும், சர்ஜிக்கல் கத்தி இந்த வேலைக்குத் தடிமன். பூவைக் காம்போடு எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீருக்குள் படுக்க வைக்க வேண்டும். காற்றில் அறுத்தால் உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து ஆரம்பிக்காமல், மடலின் அடியில் உப்பியிருக்கும் குடுவையின் ஓரத்தில், நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளிப் பிளேடை வைக்க வேண்டும். சரியாக நடுவில் வைத்தால் உள்ளே பூக்கள் ஒட்டியிருக்கும் தண்டான கதிரே இரண்டாகப் போய்விடும். குடுவைச் சுவர் மட்டும் அறுபட்டதும் கையை நிறுத்தி, ஊசியால் சுவரை விலக்க வேண்டும்.

விலக்கினால் உள்ளே ஒரு தனி அறை. அடியில் பெண் பூக்கள் ஒரே வட்டமாக, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, சூல்முடிகள் வெளியே பார்த்தபடி இருக்கின்றன. அவற்றுக்கு மேலேயே மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்ன உருண்டைகள், இவைதான் நாற்றம் விடுபவை. பிறகு மெல்லிய வெறும் தண்டு. அதன் உச்சியில் ஆண் பூக்கள் கொத்தாக. குடுவையின் வாயில் ஒரு சின்ன மடிப்பு, கதவு மாதிரி. நாற்றத்துக்கு வரும் சிறு ஈக்கள் குழாய் வழியாக இறங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். முதலில் பெண் பூக்கள் தயாராகும், அப்புறம்தான் மகரந்தம் கொட்டும். அதன் பின் வழி திறந்து, மகரந்தம் பூசிக்கொண்ட ஈ வெளியே போகும். அந்தச் சின்ன இடத்துக்குள் இவ்வளவும் நடக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெண் பூ வட்டத்தை ஏன் இவ்வளவு விரட்டிப் பார்க்கிறேன் என்றால், கிரிப்டோகோரைனையும் அதன் நெருங்கிய உறவுப் பேரினமான லேஜினாண்ட்ராவையும் பிரிப்பது அதுதான். கிரிப்டில் பெண் பூக்கள் ஒரே சுற்றில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். லேஜினாண்ட்ராவில் தனித்தனியாக, சுருள் வரிசையில் பலவாக அடுக்கியிருக்கும். காயிலும் இதே கதைதான். கிரிப்டின் காய் ஒன்றாகச் சேர்ந்து பழுத்து நட்சத்திரமாகப் பிளக்கும், லேஜினாண்ட்ராவின் காய்கள் தனித்தனி. பூ இல்லாத நேரத்தில் இலைக் குருத்தைப் பாருங்கள். கிரிப்ட் இலை ஒரு ஓரத்திலிருந்து பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டிருக்கும். லேஜினாண்ட்ராவில் இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு நடுநரம்பில் சந்திக்கும். இலையை வைத்துச் சண்டை போடாதீர்கள் என்று மேலே எழுதினேன், விரிந்த இலைக்கு அது சரி. குருத்து பொய் சொல்லாது.

இந்தக் குடும்பமே அப்படித்தான். அரேசியே என்ற இந்தச் சேம்புக் குடும்பத்தில் 140-க்கும் மேல் பேரினங்கள், 3,500-க்கும் மேல் சிற்றினங்கள். சேப்பங்கிழங்கும் சேனையும் குளத்து ஆகாயத்தாமரையும் கிரிப்டும் ஒரே வீடு. தண்ணீரில் மிதக்கும் சின்னஞ்சிறு லெம்னாவைக்கூட இப்போது இதற்குள்தான் வைக்கிறார்கள். இலை, உயரம், வாழும் இடம் எதுவும் ஒத்துப்போகாது. மடலும் கதிரும்தான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகின்றன. அதிலும் ஆந்தூரியத்திலும் போத்தோஸிலும் கதிர் முழுக்க ஒரே மாதிரி இருபால் பூக்கள். சேம்பு, சேனை, கிரிப்ட் இவற்றில் கீழே பெண், மேலே ஆண். மணி பிளான்ட்டைப் போத்தோஸ் என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அது எபிப்ரெம்னம். உண்மையான போத்தோஸ் ஸ்கேண்டன்ஸ் மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்தில் ஏறி நிற்கிறது, அதன் இலைக்காம்பே இன்னொரு இலை போலத் தட்டையாக இருக்கும்.

சாமான் விஷயம். பிளாஸ்டிக் டப்பாவைப் பாத்திரக் கடையில் வாங்குவதே மலிவு. கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் கிரிப்டுகள் அவ்வப்போது வருகின்றன, காலையில் போனால் கட்டுப் பிரிக்கும் முன்பே கிழங்கை அழுத்திப் பார்த்து எடுக்கலாம். கூரியரில் வாங்குவதாக இருந்தால் இலை படத்துக்குப் பதில் கிழங்கு படத்தைக் கேளுங்கள். 'பெட்சி' என்று தனியாக விற்பதும் பெக்கெட்டிதான், மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட வடிவம். வழக்கமான பெக்கெட்டிக்கு 28, அதற்கு 42. அதனால் அதில் விதையை எதிர்பார்க்க வேண்டாம்.

தூக்கி எறியும் துண்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏரியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸின் சான் மார்கோஸ் ஆற்றில் இதே பெக்கெட்டி படர்ந்து, அதைப் பிடுங்கி எடுக்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று. வெயிலில் நன்றாகக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள்.

அடுத்த பெட்டியும் தயார். அதில் லேஜினாண்ட்ரா மீபோல்டி ரெட். தென்னிந்தியச் செடி, நர்சரியில் வளர்த்ததாகப் பார்த்து வாங்கினேன், காட்டிலிருந்து பிடுங்கியதை நான் தொடுவதில்லை. குருத்தைப் பார்த்தேன், இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டிருக்கிறது, பெயர் சரி. அப்புறம் கிரிப்டோகோரைன் ஸ்பைரலிஸும் வேண்டும். நாட்டு மருந்தில் நாட்டு அதிவிடயம் என்று கிழங்கைப் பயன்படுத்துவார்களே, அந்தச் செடி. அதன் மேல்மடலில் குறுக்கே வரிவரியாக இருக்கும் மடிப்பை நேரில் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

பெக்கெட்டியில் இன்னும் வேலை பாக்கி. இரண்டாவது மொட்டு வருகிறது. குடுவையில் சின்ன ஜன்னல் வெட்டி, வேறொரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் வைத்து விதை பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பவை எல்லாம் ஒரே தாய்ச்செடியின் ரன்னர்கள், ஒன்றுக்கொன்று மகரந்தம் வைத்துப் பயனில்லை என்றே நினைக்கிறேன். வேறு வழியாக வந்த பெக்கெட்டி யாரிடமாவது எமர்ஸ்டாக இருந்து, கழுத்து வளையம் கரும்பழுப்பு என்று பூவைப் பார்த்து உறுதி செய்திருந்தால் சொல்லுங்கள். என்னிடம் ரன்னர்கள் நிறைய இருக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம்.