உறவுமுறைத் தாளை இரண்டாம் முறை எழுதித் தேறிய அனுபவம்

முதுகலை மானிடவியல் தேர்வு முடிவுகள் கடந்த வாரம் வெளிவந்தன. முதல் பருவத்தில் 75க்கு 29 மட்டுமே எடுத்துத் தவறவிட்ட உறவுமுறைத் தாளில், இம்முறை எனக்கு 58 கிடைத்திருக்கிறது. அந்த அரியர் ஓராண்டாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்து எழுதவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் முறை நான் செய்த பிழை ஒன்றுதான். ஆங்கிலப் பாடநூலின் வரையறைகளை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு படம்கூட வரையவில்லை. 'கிராஸ் கசின்' (மாமா, அத்தை பிள்ளைகள்) என்று எத்தனையோ முறை படித்தும், அத்தான் என்றும் மதினி என்றும் நான் நாள்தோறும் அழைத்தவர்களையே அந்தச் சொல் குறிக்கிறது என்பது தேர்வறையில் உறைக்கவில்லை.

விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது, 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிவர்ஸ் கையாண்ட கொடிவழி முறையை, அதாவது ஒருவரிடம் கேட்டே அவர் குடும்பத் தலைமுறைகளைப் படமாக்கும் முறையை, ஆச்சியிடம் செய்து பார்த்தேன். ஆச்சி திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே நான்கு தலைமுறைகளைச் சொல்ல, நான் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி என்று வரைந்துகொண்டே போனேன். தாத்தாவின் தங்கை மகனைப் பற்றிப் பெயர் சொல்லிக் கேட்டதும் ஆச்சியின் கை நின்றுவிட்டது.

"ஏல, அவன் உங்கப்பனுக்கு மச்சான்லா? அப்பம் ஒனக்கு மாமா முறை. பேரச் சொல்லியா கேக்க?"

பாடத்தின் மிகக் கடினமான பகுதி அந்த அதட்டலில் இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் 1871இல் வெளியிட்ட நூலில், இரோகுவா பழங்குடிகளுள் ஒன்றான செனெகா மக்களின் உறவுமுறையும் தமிழர் உறவுமுறையும் ஒன்றே என்று கொண்டு, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கே அதைச் சான்றாக்கினார். ஆனால் ஆச்சி சொன்ன அந்த உறவினரை, அதாவது அப்பாவின் அத்தை மகனை, செனெகா முறை அப்பா என்றே அழைக்கும்; தமிழ் முறை மாமா என்று அழைக்கும். இவை இரண்டும் வெவ்வேறு தர்க்கங்கள் என்பதை 1964இல் அமெரிக்க ஆய்வாளர் லௌன்ஸ்பரி தெளிவாக்கினார். மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளரிடையே 1949-50இல் களப்பணி செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், மாமாவை அம்மாவின் உடன்பிறந்தவர் என்பதைவிட அப்பாவின் மைத்துனர் என்றே பார்க்க வேண்டும் என்றார். ஆச்சி சொன்னதும் அதுதானே. திருமண உறவை மையமாக வைத்து உறவுமுறையை விளக்கும் இணைவுக் கோட்பாட்டை எத்தனை நூல்களில் படித்தாலும், இந்த ஒரு புள்ளி பிடிபடாவிட்டால் விடையில் உயிர் இருக்காது.

நான் பின்பற்றியவை:

1. கோட்பாட்டைத் தொடுவதற்கு முன், சொந்தக் குடும்பத்தின் கொடிவழியை நான்கு தலைமுறைக்கு வரையுங்கள்.
2. ஒவ்வொரு குறியின் அருகிலும் நீங்கள் அழைக்கும் சொல்லைத் தமிழிலேயே எழுதுங்கள்.
3. அதே படத்தில், பாடத்தில் வரும் உறவுச்சொல் வகைகளான எஸ்கிமோ, ஹவாய், இரோகுவா முறைகளின்படி சொற்களை மாற்றிப் பாருங்கள். க்ரோ, ஒமாஹா முறைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.
4. கூட்டாகப் படிக்காதீர்கள். படம் வரையும்போது பக்கத்தில் ஒருவர் பேசினால் எனக்குத் தலைமுறைக் கோடு தவறிவிடுகிறது. விடியற்காலை நான்கு மணித் தனிமைதான் எனக்கு ஒத்துவந்தது.

மற்றத் தாள்களைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. உடல்சார் மானிடவியலுக்கு ஆய்வகத்தில் எலும்பைக் கையில் எடுத்துப் பழகியவர்கள் தேறிவிடுகிறார்கள். நியூகினிக்குக் கிழக்கிலுள்ள தீவு மக்களிடையே நடந்த குலா என்னும் பரிசுப் பரிமாற்றம் பற்றிய வினாவிலும் படமே கைகொடுக்கும்: சங்குமணி மாலைகள் வலமாகவும் கைவளைகள் இடமாகவும் சுற்றுவதை ஒரு வட்டத்தில் காட்டிவிட்டால் அரைப் பக்கம் மிச்சமாகும்.

தேர்வறைக்குக் கூர்மையான பென்சிலும் சிறிய அளவுகோலும் கொண்டுசெல்லுங்கள். நான் ஒவ்வொரு பெரிய வினாவுக்கும் முதல் எட்டு நிமிடங்களைப் படத்துக்கே ஒதுக்கினேன். உறவுகளை எண்ணத் தொடங்கும் 'நான்' என்ற நபரை மட்டும் கறுப்பாக நிரப்பிவிட்டு, அதன் பிறகே விடையின் முதல் வரியைத் தொடங்கினேன்.