இறைப்பு மெசினுக்குப் பெற்றோல்: 2022இல் நாங்கள் கேட்டுப் பெற்ற விதம்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டக்காரர் யாரைக் கேட்டாலும் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியைச் சொல்வார்கள். வெங்காயமும் மிளகாயும் வாடி நிற்கும். கிணற்றில் தண்ணீர் கிடக்கும். இறைக்கத்தான் வழியில்லை. எங்கள் குறிச்சியில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் மெசின்தான். அதை மண்ணெண்ணெயில் நேரே ஸ்ராட் செய்ய ஏலாது. கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கயிறு இழுத்து, இயந்திரம் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்பலாம். ஒரு இறைப்புக்குத் தேநீர்க் கோப்பை அளவு பெற்றோல்கூடத் தேவைப்படாது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

பதுக்கலைத் தடுக்கவென்று கானில் பெற்றோல் அடிப்பதை அரசு நிறுத்தியிருந்தது. ஏப்ரல் நடுப்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தடவைக்கு 1000 ரூபாய்க்கு மட்டும் என்றார்கள். ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் மே 24இல் 420 ரூபாய், ஜூன் 26இல் 470 ரூபாய். ஜூன் முடிவில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். நாட்டில் டொலர் இல்லை, கப்பலுக்குக் கட்டக் காசில்லை. அதை ஊரில் இருந்து நாங்கள் திருத்த முடியாது. ஆனால் எரிபொருள் கொண்டுவந்த பவுசர் லொறியில் இருந்ததைப் பங்கிட்ட விதம் ஊரிலேயே திருத்தக்கூடிய விஷயம். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

நாங்கள் போகும் பெற்றோல் செற்றில் (எரிபொருள் நிலையத்தில்) அத்தியாவசிய சேவைக்குத் தனி வரிசை. வைத்தியசாலை ஊழியர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. அந்த வரிசையில் நின்ற மற்றவர்கள் யார், எந்தப் பட்டியலில் வந்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. பொது வரிசை பாதி நகர்ந்ததும் "முடிஞ்சுது" என்பார்கள். பின்னேரம் ஒழுங்கைக்குள் போத்தலில் லீற்றர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும். நான் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்க் காட்டியும், "அண்ணை, கானுக்கு அடிக்க ஏலாது, ஓடர் இருக்கு" என்றுதான் பம்பில் நின்ற பெடியன் சொன்னான். அவனில் பிழையில்லை.

கமக்கார அமைப்பில் கூடிப் பேசினோம். தனித்தனியாகப் போய்க் கெஞ்சுவதை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே பட்டியல் எழுதினோம்: பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பரப்புத் தோட்டம், என்ன பயிர், மெசின் இலக்கம், கிழமைக்கு எவ்வளவு பெற்றோல், எவ்வளவு மண்ணெண்ணெய். மெசின் இலக்கம் எடுப்பது பெரும்பாடு. வருடக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக்கும் கறளுக்கும் கீழே கிடந்ததைப் பழைய பல் தூரிகையால் தேய்த்து, ரோச் அடித்து வாசித்தோம். கிராம சேவையாளர் உறுதிப்படுத்தினார். கமநல சேவை நிலையத்தில் பரப்பைச் சரிபார்த்தார்கள். பிரதேச செயலகத்தில் முதலில் "கச்சேரிக்குப் போங்கோ" என்று மாவட்ட செயலகத்துக்கு அனுப்பினார்கள். கச்சேரியில் "இது பிரதேச செயலகத்து வேலை" என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு இளம் உத்தியோகத்தர் பிள்ளைதான் கோப்பு திறந்தது. "ஐயா, மெசின்ர படங்களையும் வையுங்கோ, பிறகு ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம்" என்று அவ சொன்னது பின்னர் எவ்வளவோ உதவியது.

பிரதேச செயலாளரைச் சந்தித்தபோது எங்களுக்கு மட்டும் தாருங்கள் என்று கேட்கவில்லை. பவுசர் வந்தால் எத்தனை லீற்றர் வந்தது, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று செற் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். அத்தியாவசிய சேவைப் பட்டியலும் அங்கேயே தொங்க வேண்டும். இரண்டாவதற்குத் தயங்கினார், பெயர்களை விட்டுத் திணைக்களங்களையும் எண்ணிக்கையையும் மட்டும் போடச் சம்மதித்தார். அடுத்த பவுசர் வந்த அன்று மார்க்கர் பேனாவால் எழுதிய கடதாசி ஒன்று மதிலில் ஒட்டியிருந்தது. கடைசி வரிசையில் தோட்டக்காரருக்கு என்று ஒரு அளவும் இருந்தது. சனம் அதைப் படம் எடுத்து அனுப்பியது. வரிசையில் சண்டை முற்றாக ஓயவில்லை. ஆனால் "முடிஞ்சுது" என்றால் கணக்குக் கேட்க ஆளுக்கொரு ஆதாரம் கையில் இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். தட்டுப்பாட்டைத் தாங்குவோம், ஓரவஞ்சனையைத்தான் தாங்க முடிவதில்லை.

பிறகு பிரதேச செயலகங்கள் ஊடாக எரிபொருள் அட்டை வந்தது. ஜூலை 16இல் கியூஆர் முறையை அறிவித்தார்கள். அடையாள அட்டையும் செசி இலக்கமும் கொடுத்துப் பதிய வேண்டும், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு ஏற்ற நாள். ஓகஸ்ட் முதலாம் திகதியில் இருந்து கியூஆர் இல்லாமல் அடிக்கவில்லை. வாகனங்களுக்கு அது நல்ல முறைதான், யாருடைய முகத்தையும் பார்க்காது. இலக்கத் தகடு இல்லாத மெசினுக்கு அதில் இடமில்லை. வாகனமல்லாத இயந்திரங்களைப் பிரதேச செயலகத்தில் பதியச் சொன்னபோது எங்கள் கோப்பு தயாராக இருந்தது. அயல் ஊர்க்காரர் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது, அவர்களுக்கும் எங்கள் படிவத்தின் பிரதியைக் கொடுத்தோம்.

ஓகஸ்ட் 22இல் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது வேறு கதை. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்தக் கியூஆர் பங்கீட்டு முறை நீக்கப்பட்டது. கமக்கார அமைப்பில் அந்தப் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறோம். மெசின் மாற்றியவர்கள் புது இலக்கத்தைக் கொண்டுவந்து பதிகிறார்கள்.