அனைவருக்குமான கழிப்பறை: பணம் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும்தான் போகிறது

எங்கள் பொது நூலகத்தின் தரைத்தளத்தில், சக்கர நாற்காலியில் வருவோரும் கைக்குழந்தையோடு வருவோரும் துணையாளர் இல்லாமல் கழிப்பறைக்குள் போக முடியாத முதியவர்களும் பயன்படுத்தக்கூடிய ஓர் அறையை அமைக்கும் வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. மதிப்பீடு வாங்குவதில் தொடங்கி ஒப்புதல் பெற்று வேலையை மேற்பார்வையிடுவது வரை, கட்டடக் குழுவின் சார்பில் நான்தான் பொறுப்பேற்றிருந்தேன். இத்தகைய வேலைக்குப் பெரும் பணம் வேண்டும் என்று சொல்லியே பல குழுக்கள் பேச்சைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகின்றன. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைக் கேட்டறிந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை அமைத்தல், மொத்தமாக.’ அதன் எதிரே இருந்த தொகையைப் பார்த்ததும் குழுவில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இனம் வாரியாகப் பிரித்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு, இந்த மாதிரி வேலைக்கு இவ்வளவு ஆகும் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. வேறொருவரிடம் பிரித்து வாங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. கைப்பிடிக் கம்பிகள், உயரம் சரியான வெஸ்டர்ன் க்ளோசெட், கையை முறுக்காமல் தட்டித் திறக்கும் குழாய், குழந்தைக்கு உடை மாற்றும் மடக்குப் பலகை, அவசர அழைப்பு மணி ஆகிய அனைத்தும் சேர்ந்தே மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். சுவர் இடிப்பு, தரை தோண்டல், கழிவுக் குழாயை இடம் மாற்றுதல், நீர்க்கசிவுத் தடுப்பு, புதிதாக டைல்ஸ் பதித்தல் ஆகியவைதான் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தன. ஒற்றை வரி மதிப்பீட்டை எந்தக் காரணத்துக்காகவும் குழுவின் முன் வைக்காதீர்கள்.

இடிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் அளவே போதும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்புவதற்கு ஏறத்தாழ 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தரையில் வேண்டும். வழக்கமான தடுப்பறையின் (ஒருவர் மட்டும் நுழையும் சிறு கழிப்பறை அறையின்) அகலம் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆகவே இரண்டு தடுப்பறைகளை ஒன்றாக்க வேண்டும், அல்லது பக்கத்தில் இருக்கும் சாமான் அறையிலிருந்து இடம் எடுக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் சுவர் நகரும். அதோடு க்ளோசெட்டும் நகர வேண்டியிருந்தால் செலவு பல மடங்காகிறது. 100 மில்லிமீட்டர் கழிவுக் குழாய்க்கு 60க்கு 1 என்ற வாட்டம் வைத்தால், க்ளோசெட்டை 3 மீட்டர் தள்ளி வைப்பதற்குள் குழாய் 50 மில்லிமீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். தரைத்தளமானால் அதற்காகத் தரையைத் தோண்டுகிறோம், மேல்தளமானால் கீழே இருப்பவரின் கூரைக்கு அடியில் குழாயைத் தொங்கவிடுகிறோம். முன்னிழுவிசைக் கம்பிகள் (கான்கிரீட்டுக்குள் இழுத்து இறுக்கி வைத்த எஃகுக் கம்பிகள்) உள்ள தளமாக இருந்தால், ஸ்கேன் செய்து பார்க்காமல் துளையிடுவதே ஆபத்து. எனவே பெரிய கழிவுக் குழாய் இருக்கும் இடத்திலேயே க்ளோசெட்டை விட்டுவிட்டு, சுவரையும் கதவையும் வாஷ்பேசினையும் அதைச் சுற்றி நகர்த்துங்கள். வாஷ்பேசினுக்கு மெல்லிய குழாய் போதும் என்பதால் அதை எங்கும் கொண்டுபோகலாம். இந்த ஒரே முடிவால் எங்கள் மதிப்பீடு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது.

ஆனால் பெரிய குழாய் எங்கே ஓடுகிறது என்று எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பழைய வரைபடங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்குப் போனால், உரிமையாளர் கடிதம் இல்லை என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். கடிதத்தோடு போனபோது, அது நூலகரின் பெயரில் இருக்கக்கூடாது, நிர்வாகக் குழுத் தலைவரின் பெயரில் இருக்க வேண்டும் என்றார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அத்தனை அலைச்சலுக்குப் பிறகு கைக்கு வந்தது, கட்டுவதற்கு முன் ஒப்புதலுக்காகக் கொடுத்த வரைபடம்தான். அதில் கிழக்குச் சுவரை ஒட்டிக் காட்டப்பட்டிருந்த குழாய், தரையைச் சிறிது கொத்திப் பார்த்தபோது அந்த இடத்தில் இல்லவே இல்லை. கடைசியில் வயதான ஒரு பிளம்பர் வந்து வெளியே இருந்த ஆய்வுத் தொட்டிகளின் (கழிவுக் குழாயைத் திறந்து பார்ப்பதற்கான குழிகளின்) மூடிகளைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு க்ளோசெட்டிலும் பச்சைச் சாயம் கலந்த நீரை ஊற்றி, எந்தத் தொட்டியில் பச்சை வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்துத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். அலுவலகம் தராத விவரம் ஒரு காலைப் பொழுதில் எங்கள் கண் முன்னே தெரிந்தது. வடிவமைப்பாளருக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்த முட்டுக்கட்டை ஒப்புதல் தரும் அலுவலகத்தில் வந்தது. பெண்கள் பகுதியின் இரண்டு தடுப்பறைகளை எடுத்துப் புதிய அறை கட்டுவதால், விதிப்படி இருக்க வேண்டிய க்ளோசெட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது என்று குறிப்பெழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். அந்தக் குறிப்பைக் காட்டி, சட்டமே தடுக்கிறது, விட்டுவிடலாம் என்று குழுவில் சிலர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. அனைவருக்குமான வசதி செய்வதைத் தடுப்பது எந்த விதியின் நோக்கமாகவும் இருக்க முடியாது. இரு பாலரும் பயன்படுத்தும் தனி அறையில் இருக்கும் க்ளோசெட்டையும் மொத்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல இடங்களின் விதிகள் இடம் தருகின்றன. நமக்கு உரிய விதித்தொகுப்பில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று தேடி எடுத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, முன்னும் பின்னுமான எண்ணிக்கையை ஒரே தாளில் அட்டவணையாக இணைத்துக் கொடுத்தேன். அந்தத் தாளுக்குப் பிறகு கோப்பு எங்கும் நிற்கவில்லை.

அறையின் கதவு பெண்கள் பகுதிக்குள் திறக்காமல் பொது நடைவழியில் திறக்க வேண்டும் என்பதையும் அப்போதே வரைபடத்தில் உறுதி செய்தோம். மனைவியைத் தாங்கிப் பிடித்து அழைத்து வரும் கணவரும், மகளோடு வரும் தந்தையும், ஆண் பெண் என்று எழுதிய இரு கதவுகளிலும் கேள்விக்கு உள்ளாகும் திருநரும் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் நுழைய வேண்டுமானால் கதவின் இடம்தான் முதலில் சரியாக இருக்க வேண்டும். வரைபடத்தில் இருக்கும்போதே மாற்றினால் இதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

குழந்தைக்கு உடை மாற்றும் பலகையைப் பற்றியும் வாக்குவாதம் நடந்தது. புதிய அறையில் ஒன்று இருந்தால் போதும், ஆண்கள் பகுதியில் எதற்கு என்று கேட்டார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் வரும் கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் ஆண்கள், பெண்கள் கழிப்பறைகள் இரண்டிலும் இந்த வசதி வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது என்பதை எடுத்துச் சொன்னேன். அதைவிட வலுவான காரணம் வேறு. எல்லாக் குடும்பங்களும் ஒரே அகன்ற அறைக்கு வந்தால், வேறு எந்தக் கதவிலும் நுழைய முடியாத சக்கர நாற்காலிக்காரர்தான் வெளியே காத்திருப்பார். மூன்று இடங்களிலும் பலகை பொருத்தினோம். மெல்லிய ஜிப்சம் தடுப்புச் சுவரில் மாட்டுவதானால், சுவரை மூடுவதற்கு முன்பே உள்ளே இரும்புச் சட்டமோ தடித்த ஒட்டுப்பலகையோ வைக்கச் சொல்லுங்கள். பிறகு வைப்பதானால் சுவரை மறுபடி பிரிக்க வேண்டும்.

எங்களால் செய்ய முடியாமல் போன ஒன்று இன்னும் மனத்தை உறுத்துகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உடை மாற்ற, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நீண்ட மேசையும் ஆளைத் தூக்கி மாற்ற உதவும், கூரையில் ஓடும் தூக்கியும் கொண்ட அறை பிரிட்டனில் 12 சதுர மீட்டர் அளவில் அமைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் 2021 முதல் அது கட்டாயமாக இருக்கிறது. அது இல்லாத இடத்தில், உட்கார முடியாத பதினைந்து வயது மகனைத் தாய் கழிப்பறைத் தரையில் படுக்க வைத்துத்தான் உடை மாற்ற வேண்டியிருக்கிறது. எங்களிடம் அவ்வளவு பரப்பளவு இல்லை. பின்னால் ஒரு மேசையாவது வைக்க இயலும் என்பதற்காக, டைல்ஸ் பதிப்பதற்கு முன்பே மின்குழாயை மட்டும் சுவருக்குள் இழுத்து வைத்திருக்கிறோம்.

வேலை நடந்தபோது மிகவும் கோபம் வந்தது கைப்பிடிக் கம்பியால்தான். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகுதன்மைத் தரநிலைகள் அந்தக் கம்பி 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. எங்கள் மேஸ்திரி, துண்டு மாட்டும் கம்பிக்குப் போடும் பிளாஸ்டிக் ஆணிக்கட்டையிலேயே அதைத் திருகி வைத்திருந்தார். நான் இரு கையாலும் பிடித்துத் தொங்கியதும் அதன் வட்ட மூடி சுவரை விட்டு நூலிழை விலகி, அடியிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. நாற்காலியிலிருந்து க்ளோசெட்டுக்கு மாறும் ஒருவர் தம் முழு எடையையும் அந்தக் கம்பியிடம்தான் ஒப்படைக்கிறார் என்பதை விளக்கி, கழற்றி, சுவரின் உட்பகுதியைக் கான்கிரீட்டால் நிரப்பி, இரசாயனப் பசையில் பதித்த போல்ட்டுகளால் மறுபடி பொருத்த வைத்தேன். கையிருப்பில் இருந்தது என்று உள்பக்கமாகத் திறக்கும் கதவைப் போட்டிருந்ததையும் மாற்றச் சொன்னேன். உள்ளே ஒருவர் கதவின் மேல் விழுந்துவிட்டால், வெளியிலிருந்து அதைத் திறக்கவே முடியாது. டைல்ஸ் வேலையும் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனையும் பிரச்சினையின்றி முடிந்தன.

கடைசித் தவணையில் ஒரு பங்கை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் கம்பி, கதவு, அழைப்பு மணி ஆகிய மூன்றையும் சக்கர நாற்காலி பயன்படுத்தும் வாசகர் ஒருவரின் முன்னிலையில் சோதித்த பிறகே பாக்கி என்று எழுதியிருந்ததால்தான் மேற்கண்ட திருத்தங்கள் கூடுதல் பணமின்றி நடந்தன. அவர்தான் அழைப்பு மணியின் சிவப்புக் கயிறு தண்ணீர்க் குழாயில் சுருட்டிக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்துச் சொன்னார். தரை துடைக்கும்போது நனைகிறது என்று துப்புரவுப் பணியாளர் கட்டியிருந்தார். தரையில் விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்டுவதற்காகவே அது அவ்வளவு தாழத் தொங்குகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது கயிற்றின் அருகிலேயே அதை எழுதி ஒட்டியிருக்கிறோம். மணியின் பேட்டரி, கதவின் தாழ்ப்பாள், பலகையின் வார்ப்பட்டை ஆகியவற்றுக்காக ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு ஒன்றும், அறையைச் சாமான் போட்டுப் பூட்டக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவும் பெற்றிருக்கிறோம். நீங்களும் திறப்பு நாளுக்கு முன்பே இவ்விரண்டையும் கையெழுத்தாக வாங்கிவிடுங்கள்.