இரண்டு அதிகாலைகள்: லெந்து நாட்குறிப்பு

2025 மார்ச் 7, வெள்ளி

லெந்து என்னும் தவக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். தியானத்துக்கு ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை எடுத்தேன். மகன் ஈசாக்கைப் பலியிடும்படி கட்டளை பெற்ற ஆபிரகாம், அதிகாலையில் எழுந்து, கழுதையின்மேல் சேணங்கட்டி, தகனபலிக்கு வேண்டிய கட்டைகளைப் பிளந்துகொண்டு புறப்பட்டார் என்று வாசிக்கிறோம். அந்த இரவு அவர் உறங்கினாரா, மனைவி சாராளிடம் ஏதாவது சொன்னாரா என்பதைப் பற்றி வேதத்தில் ஒரு வரியும் இல்லை. முந்தின அதிகாரத்தில் அடிமைப்பெண் ஆகாரையும் அவள் மூலம் பிறந்த தன் பிள்ளையையும் அனுப்பிவிட நேர்ந்தபோதும் அவர் அதிகாலையில்தான் எழுந்திருக்கிறார். மனதுக்குப் பிடித்த வேலைக்காக விடியுமுன் எழுவது எளிது. இப்படிப்பட்ட காரியத்துக்கு எழ வேண்டுமானால், சொன்னவரை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

ஜெபத்தில் அக்காவின் முகம் வந்து நின்றது. அப்பாவின் பனைவிளையைப் பங்கு வைத்த நாளிலிருந்து இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5ஆம் அதிகாரத்து வசனத்தை ஓய்வுநாள் பாடசாலையில் ஒப்புவித்துப் பரிசும் வாங்கியவன் நான். ஆனாலும், ஜெபித்துவிட்டுப் போகலாம் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் சொன்னேன். "எதற்காக ஜெபிக்கிறீர்கள்? போகலாமா என்று கேட்கிறீர்களா, போகப் பெலன் கேட்கிறீர்களா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நம் சபைகளில் "ஜெபித்துப் பார்க்கிறேன்" என்பது பல வேளைகளில் "மாட்டேன்" என்பதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர். கல்யாணம், வேலை போன்றவற்றில் தேவசித்தம் அறியக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கும் கட்டளைக்கு இன்னொரு அடையாளம் கேட்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

மார்ச் 10, திங்கள்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நேற்றுத்தான் கோயம்புத்தூர் போனாள், வர மூன்று மாதம் ஆகும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

திரும்பும் பஸ்ஸுக்காக நிற்கும்போது எண்ணாகமம் 14ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கானானுக்குள் போகச் சொன்னபோது அழுது முறையிட்ட ஜனங்கள், நாற்பது வருடம் அலைய வேண்டும் என்ற தீர்ப்பைக் கேட்டபின் அதிகாலமே எழுந்து மலையேறத் துணிந்தார்கள். தேவ பிரசன்னத்தின் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தை விட்டு நகரவில்லை. போனவர்கள் ஓர்மா என்ற இடம்வரை முறியடிக்கப்பட்டார்கள். ஆபிரகாமுக்கும் அவர்களுக்கும் எழுந்த நேரம் ஒன்றுதான். என் திங்கட்கிழமைப் பயணத்தில் எது இருந்தது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

பையில் போன் இருந்தது. முகம் பார்த்துப் பேசுவதுதான் முறை, மூன்று மாதம் பொறுக்கலாம் என்று மனம் மிகப் பக்தியாக ஒரு காரணம் சொன்னது. செங்கடல் பிளந்த பிறகு ஜனங்கள் அதற்குள் நடந்தார்கள். யோர்தான் நதியிலோ, கரைபுரண்டு ஓடிய தண்ணீரின் ஓரத்தில் ஆசாரியரின் கால் பட்ட பிறகே வெள்ளம் நின்றது. அதுவும் தூரத்தில் ஆதாம் என்ற ஊரருகே குவிந்து நின்றதாம். கால் நனைத்தவர்களின் கண்ணுக்கு அது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். எண்ணை அழுத்தினேன். மணி அடித்து ஓய்ந்தது.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் அக்காவே கூப்பிட்டாள். "நேத்து ஆஸ்பத்திரியில நின்னேன்டே, போனைப் பாக்கல. என்ன விஷயம்?" ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களில் பாதிகூட வாயில் வரவில்லை. மேற்கு வேலியை நான் தள்ளிப் போட்டதில் அவளுடைய நான்கு பனைகள் என் பக்கம் வந்துவிட்டதை மட்டும் ஒப்புக்கொண்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளை பிறந்ததும் சொல்லுதேன், வந்து பாரு" என்று வைத்துவிட்டாள்.

பனைகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வேலியைப் பிடுங்க ஆள் சொல்லியாயிற்று. மதியம் விளைக்குப் போகிறேன்.