72 விழுக்காடு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நாட்குறிப்பு

6 மே 2025, செவ்வாய்

பாலர் பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டுப் பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் மின்னஞ்சலைத் திறந்தேன். குழந்தைப் பருவக் கல்விப் பாடத்துக்கு நான் ஆங்கிலத்தில் எழுதி ஒப்படைத்த இரண்டாவது இடுபணிக் கட்டுரையில் 72 விழுக்காடு செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று மென்பொருள் காட்டுகிறதாம். 14 நாள்களுக்குள் எழுத்துவழி விளக்கம் தர வேண்டுமாம். தலைப்பில் 'சூராட் துஞ்சுக் செபாப்' என்று இருந்தது, மலாயில் காரணம் கேட்கும் கடிதம். ரப்பர் தோட்டத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தாலே வேலை போய்விட்டது என்றுதான் பொருள் கொள்வார்கள். பேருந்து வந்தது, நான் ஏறவில்லை.

7 மே, புதன்

நேற்றிரவு பதினொரு மணிக்குக் கோபத்தோடு ஒரு பதில் எழுதினேன். நல்லவேளையாக அனுப்பவில்லை. காலையில் படித்தபோது அதில் என் மனவேதனை மட்டுமே இருந்தது, ஒரு சான்றுகூட இல்லை.

வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு தோழி, "மன்னிப்புக் கேட்டுவிடு அக்கா, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு விட்டுவிடுவார்கள்" என்றாள். செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டால், அடுத்த முறை எவர் எதைச் சொன்னாலும் அந்த ஒப்புதலே எனக்கு எதிராக நிற்கும். வேறொருத்தி சொன்னபடி அதே கட்டுரையை இரண்டு இலவசத் தளங்களில் இட்டுப் பார்த்தேன். ஒன்று 18 என்றது, மற்றது 91 என்றது. அந்த 18-ஐ என் பக்கச் சான்றாகக் காட்ட ஆசை வந்தது உண்மை. ஆனால் கருவியை நம்பக் கூடாது என்று சொல்லப் போகிறவள், தனக்குச் சாதகமான கருவியை மட்டும் எப்படி நீட்ட முடியும்?

9 மே, வெள்ளி

கட்டுரையைக் கூகிள் டாக்ஸில் எழுதியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதன் 'பதிப்பு வரலாறு' பகுதியைத் திறந்தால், ஏப்ரல் 3-ஆம் நாள் இட்ட முதல் வரியிலிருந்து 27-ஆம் நாள் இரவு செய்த கடைசித் திருத்தம் வரை நாளும் நேரமுமாக வரிசையாக நிற்கிறது. ஒரு பத்தியை நான்கு முறை மாற்றி, கடைசியில் முழுவதையும் அழித்திருக்கிறேன். அதை எழுதிய நாளில் பட்ட பாடு இப்போது எனக்குச் சாட்சி.

ஆனால் ஒரு முள்ளும் இருந்தது. மூன்றாம் பகுதியின் 400 சொற்கள் ஏப்ரல் 15 அன்று ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருக்கின்றன. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போலத்தான் எவருக்கும் தோன்றும். நெஞ்சு அடைத்துக்கொண்டது. பிறகுதான் நினைவு வந்தது: ஈப்போ மருத்துவமனையில் அப்பாவுடன் காத்திருந்தபோது அதைத் திறன்பேசியின் குறிப்பேட்டில் தட்டச்சு செய்து, வீட்டுக்கு வந்து ஒட்டினேன். குறிப்பு இன்னும் அழியாமல் இருந்தது, நாளுடன். மருத்துவமனைச் சந்திப்பு அட்டையையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்தேன். விசாரணைக் குழு கேட்பதற்கு முன் இதை நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்துப் பிழை திருத்தியைப் பயன்படுத்தியதையும் அப்படியே.

11 மே, ஞாயிறு

அப்பாவிடம் இன்றுதான் சொன்னேன். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மென்பொருள் என்றால் அவருக்குப் புரியாது என்று நான் நினைத்தது என் தவறு.

"மெட்ரோலாக் மாதிரியா?" என்று கேட்டார். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க, தோட்டத்து எழுத்தரான கிராணி அந்தக் கண்ணாடிக் கருவியை வாளியில் மிதக்க விடுவார். பாலின் அடர்த்தியைத்தான் அது காட்டும். ரப்பரின் அளவை அதிலிருந்து கணித்துக்கொள்ள வேண்டும். விடியலில் தூறல் விழுந்து கோப்பையில் நீர் சேர்ந்தாலும், ஒருவர் வேண்டுமென்றே நீர் கலந்தாலும், அதற்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு முறை அப்பாவின் பாலில் நீர் இருக்கிறது என்று கூலியைக் குறைத்தார்களாம். அவர் சண்டை போடவில்லை. மாதிரியை எடுத்து அமிலம் விட்டு உறைய வைத்து, தகடாக உருட்டி, உலர்த்தி, எடை போடச் சொன்னார். "மிதக்கிற கண்ணாடியைப் பார்த்து என்னைத் திருடன்னு சொல்லாதீங்க, காய வச்சு நிறுத்துட்டுச் சொல்லுங்கன்னேன்" என்றார். கூலி திரும்பி வந்ததா என்று கேட்டதற்குப் பாதி வந்தது என்றார்.

12 மே, திங்கள்

விசாக தின விடுமுறை. நாள் முழுவதும் கடிதம் எழுதினேன். முதல் பத்தியில் குற்றச்சாட்டை மறுத்தேன். அடுத்து, மென்பொருளின் முழு அறிக்கையையும், நான் மீறியதாகச் சொல்லப்படும் விதியின் எண்ணையும், இயங்கலையில் (இணையவழி) நேருக்கு நேர் விளக்கமளிக்க வாய்ப்பையும் கேட்டேன். பிறகு நாள்வாரியாகச் சான்றுகளை வைத்தேன்.

கருவிகளைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுதவில்லை. சேட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 தோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. அடுத்த சொல் எது என்று எளிதில் ஊகிக்கக்கூடிய நடையை இக்கருவிகள் இயந்திர நடையாக எடுத்துக்கொள்கின்றன. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, பாடநூல் வாக்கியங்களை மனப்பாடம் செய்து ஆங்கிலம் கற்ற என் போன்றவர்களின் நடையோ பெரும்பாலும் அதுதான். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் இத்தகைய கருவியை நிறுத்தியபோது ஒரு கணக்குச் சொன்னது: ஆண்டுக்கு 75,000 கட்டுரைகளில் ஒரு விழுக்காடு பிழை என்றாலும் 750 கட்டுரைகள் தவறாகச் சுட்டப்படும்.

விரிவுரையாளரைக் குறை சொல்லும் ஒரு வரியை எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். நூற்றுக்கணக்கான இடுபணிகளைத் திருத்தும் அவர் முன்னும் அந்த எண்தான் வந்து நின்றிருக்கும்.

26 மே, திங்கள்

விசாரணை 40 நிமிடம். மூவர் இருந்தனர். எதிர்பார்த்தபடியே ஏப்ரல் 15-ஐத்தான் முதலில் தொட்டார்கள். அது என் கடிதத்திலேயே இருந்ததால் குறிப்பையும் அட்டையையும் திரையில் காட்டியதோடு முடிந்தது. பிறகு ஓர் அம்மையார், வீட்டில் தமிழ் பேசும் குழந்தை மலாய்ச் சொல்லைத் தமிழ் வாக்கியத்துக்குள் வைப்பதை என் கட்டுரையில் நான் ஏன் குறை என்று கொள்ளவில்லை என்று கேட்டார். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுமாறியது. ஆனால் ஆசிரியரையும் பாலையும் மலாயில் சொல்லி 'சீக்கு, சூசு கொடுங்க' என்று தினமும் என்னிடம் பால் கேட்கும் சிறுவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

5 ஜூன், வியாழன்

முடிவு வந்தது. மூன்றே வரிகள். விளக்கம் ஏற்கப்பட்டது, இடுபணி வழக்கம்போல் திருத்தப்படும், மேல் நடவடிக்கை இல்லை. வருத்தம் தெரிவிக்கும் சொல் எதுவும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுதினால் அது பொய்.

மேல் நடவடிக்கை இல்லை என்பதும் குற்றம் இல்லை என்பதும் ஒன்றல்ல. என் மாணவர் கோப்பில் அந்த 72 இன்னும் இருக்கிறதா, இருந்தால் நீக்கப்படுமா என்று கேட்டு இன்று மாலை இரண்டு வரியில் இன்னொரு கடிதம் அனுப்பினேன். நகலை அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.